கண்ணுக்குத் தலையணை

சித்திரை வெயிலோடு மேட மாதம் பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கடற்காற்று கரையேற எப்படியும் பதினொரு மணியாகும். அதுவரை ஒரு தென்னோலைகூட அசையாது. மணல் மட்டும் சத்தமில்லாமல் சூடேறிக்கொண்டிருக்கும். ரம்லத் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஓலைச் சாய்ப்பில் உட்கார்ந்து, மரக்கட்டையில் வெட்டிவேரை வைத்துக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். வேர் முறியும்போது ஒரு வாசனை எழும். மழை விழுந்த மண்ணையும் வெகுநாள் திறக்காத மரப்பெட்டியையும் ஒன்றாக மோந்த மாதிரி இருக்கும். ஆனால் அது காலையில் கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்புறம் மூக்கு பழகிப்போய் அதைக் கண்டுகொள்ளாது.

சாய்ப்பின் மறுபக்கம் அவள் புருஷன் சைதலவி தையல் மெஷினில் இருந்தான். மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. மூன்று பக்கம் மெஷினில் அடித்துத் திருப்பி, நறுக்கிய வேரை நிரப்பி, நாலாவது பக்கத்தைக் கையால் மூட வேண்டும். அந்தக் கைத்தையலை மட்டும் அவன் யாரிடமும் விடுவதில்லை. எறும்பு நடந்த தடம்போல அத்தனை பொடித் தையல். தண்ணீரில் முக்கிப் பிழிந்து கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தால், குளிர்ச்சி நெற்றிக்கு ஏறி, பிடரிக்கு இறங்கி, பிறகு எங்கே போகிறது என்று தெரியாமல் உடம்பெல்லாம் பரவும்.

முதலாவதை ரம்லத் அவனுக்காகத்தான் தைத்தாள். இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில், அஜ்மானில், ஒரு தையல் கடையில் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்தவன். மார்கழிக் கடைசியில் விடுப்பில் வந்து இறங்கியபோது, இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழமாக இருந்தன. வெயிலைப் பார்க்க முடியவில்லை. யார் பேசினாலும் தரையைப் பார்த்தே பதில் சொன்னான். ரம்லத் அவனுடைய கிழிந்த வேட்டியில் ஒரு பொதி தைத்து, வயலில் அப்போது பிடுங்கியிருந்த வேரை அடைத்து, கிணற்று நீரில் நனைத்துக் கொடுத்தாள். பத்து நாளில் சிவப்பு இறங்கியது. பதினோராம் நாள் அவன் அந்தப் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தையல் கோணல்" என்றான். ஊருக்கு வந்து அவன் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"என்னடா அலவி, கண்ணு முழிச்சதிலேர்ந்து கண்ணுக்குத் தலகாணியா? அடுத்தது மூக்குக்குப் போர்வையா?"

கேட்டுக்கொண்டே வேலியைத் தாண்டி வந்தவள் பீக்குட்டி. சைதலவிக்கு மூத்தவள், பக்கத்து வீடு. முட்டிவலிக்காரி. முட்டியைத் தவிர அவளிடம் ஓய்ந்துபோனது எதுவும் கிடையாது.

"மூக்குக்குப் போர்வை போட்டா உங்க குறட்டை ஊருக்குக் கேக்காதே இத்தா" என்றாள் ரம்லத்.

"நான் குறட்டை விடறேன்னு எவ சொன்னா?"

"பள்ளிவாசல் மோதினார் சொன்னாரு. விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு அவரை எழுப்பறதே அதுதானாம்."

"சொல்லுவாரு, சொல்லுவாரு. நான் மட்டும் இந்தத் தலகாணியை எடுத்துட்டுப் போகலைன்னா உங்க ரெண்டு பேரையும் எந்த வைத்தியருக்குத் தெரியும்?"

அது உண்மைதான். முட்டிக்கு எண்ணெய்க் கிழி வைத்துக்கொள்ள குன்னங்குளம் பக்கத்துச் சிகிச்சை விடுதிக்குப் போனபோது பீக்குட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். அங்கே நளினி வைத்தியர் அதை வாங்கி மோந்து பார்த்தார். எண்ணெய் தேய்த்துப் படுத்திருக்கும் நோயாளிகளின் கண்மேல் வைக்க இதுதான் வேண்டும் என்றார். முதலில் இருநூறு. சனிக்கிழமைக்குள். நன்றாக இருந்தால் மாதாமாதம்.

மாதாமாதம் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் ரம்லத் மூன்று வாரமாக உள்ளே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் சைதலவியின் விசா செத்துவிடும். திங்கட்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை வைத்தியர் என்ன சொல்லுகிறாரோ, அதை வைத்துத்தான் திங்கட்கிழமை. இதை அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் புருஷனிடம் போகாதே என்று சொல்லிவிடுவதில்லை. பெட்டிக்குக் கயிறு கட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். நிக்காஹ் முடிந்து இருபத்திரண்டு வருஷம். விடுப்புகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் இரண்டு வருஷம்கூடத் தேறாது. மகள் பிறந்தது, ஓதப் போனது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அவனுக்குத் தொலைபேசியில் நடந்த காரியங்கள். இப்போது மூன்று மாதமாக ஒரு ஆண்பிள்ளை வீட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது முதலில் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு அந்த மௌனத்துக்குள் போய்த் தானும் உட்காரக் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் இரண்டு பேரும் மாமரத்தடியில் பாலில்லாத சுலைமானித் தேநீரோடு உட்கார்ந்தால், பேச்சில்லாமலே டம்ளர் காலியாகும், இருட்டும், எழுந்து போவார்கள். இனி அது இல்லாமல் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் இருநூறாவது பொதியின் கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "முடிஞ்சுது" என்றான் சைதலவி. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் மிச்சம். ரம்லத் அன்றைக்கு மத்தியை வறுத்து, பச்சை மாங்காயும் தேங்காயும் வைத்து ஒரு துவையல் அரைத்து, கஞ்சியோடு வைத்தாள். பீக்குட்டிக்கும் ஒரு தட்டு. சாப்பிட்டு முடித்ததும் பீக்குட்டி குவியலிலிருந்து ஒரு பொதியை உருவினாள்.

"இத்தா, அது வைத்தியரம்மாவுக்கு."

"வைத்தியரம்மாவுக்குப் போறதுக்கு முன்னாடி யாராவது படுத்துப் பாக்க வேணாமா? சாமானை வாங்கறவங்களுக்கு முன்னாடி விக்கிறவங்க அனுபவிக்கணும்டீ."

பொதியைத் தண்ணீர்ச் செம்பில் முக்கிப் பிழிந்து கண்மேல் வைத்துக்கொண்டு, சாய்ப்பில் பாயை விரித்து மல்லாந்தாள். காற்று வந்துவிட்டிருந்தது. ஓலைகள் பேச ஆரம்பித்திருந்தன. ரம்லத் தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"யா அல்லாஹ்!"

பீக்குட்டி எழுந்து உட்கார்ந்திருந்தாள். முக்காட்டால் கண்ணைக் கசக்கினாள். கசக்கக் கசக்க அலறினாள்.

"கண்ணு போச்சு! மீனுக்கு உப்புப் போட்டு வெச்ச மாதிரி என் கண்ணை உப்புல போட்டுட்டீங்களே! என்னத்தடீ வெச்சு அடைச்சே?"

"வேர்தான் இத்தா. வேறென்ன வெப்பேன்?"

பீக்குட்டி ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து பொதியைப் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டி அதை நக்கினாள்.

"உப்பு."

சைதலவி எழுந்து வந்தான். அக்காவின் கையிலிருந்து வாங்கி அவனும் நக்கினான். அதை ரம்லத்திடம் நீட்டினான். அவளும் நக்கினாள். அப்போதுதான் கிழக்கு வேலிப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அம்மிணி வந்து சேர்ந்தாள். அஜ்மானிலிருக்கும் தன் மகனுக்குக் கொடுத்துவிட மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் கட்டி எடுத்து வந்திருந்தாள். யார் பயணம் கிளம்பினாலும் அவர்கள் பெட்டியில் ஊர் பாதி ஏறும்.

"என்ன, மூணு பேரும் மாத்தி மாத்தித் துணியை நக்கறீங்க? உங்க முஸ்லிம் மாப்பிளாமாருங்க வீட்டுல இப்படி ஒரு நேர்ச்சை உண்டா?"

"நீயும் நக்கு" என்று பீக்குட்டி பொதியை நீட்டினாள்.

அம்மிணி நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நாலு மத்தி போட்டா கொழம்பு ஆயிடும். வேரை எங்க கழுவினே ரம்லா?"

கேள்வி முடிவதற்குள் ரம்லத்துக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"கால்வாய்ல."



பிடுங்கிய வேரைக் கால்வாயில் அலசுவதுதான் வழக்கம். அவள் அம்மாவும் அப்படித்தான் அலசினாள், அம்மிணியும் அப்படித்தான். வேரில் ஒட்டிய மணலைப் போக்க அந்த ஓடும் தண்ணீரை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. மார்கழியில் கால்வாய் தித்திப்பாக இருக்கும். மழை நின்று மாதங்கள் போகப் போக, கடல் உள்ளே ஏறி வரும். மேடத்தில் கால்வாயில் உப்பு என்பது அங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் வேர் பாய்க்கும் போகும், செருப்புக்கும் போகும், ஜன்னல் தட்டிக்கும் போகும். எந்தக் காலத்திலும் எவனும் ஜன்னல் தட்டியைக் கண்ணில் வைத்துப் பார்த்ததில்லை. தெரிந்த ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டாள். தெரியாதது என்றாலாவது மனம் ஆறும்.

"ஒருத்தரும் கண்ணைத் தொறந்துட்டுப் படுக்க மாட்டாங்கல்ல" என்றாள் பீக்குட்டி மெதுவாக. "எனக்கு இன்னிக்குக் கொஞ்சம் கூடுதலா நனைஞ்சு போச்சோ என்னமோ."

"இத்தா, உங்க கண்ணைக் கண்ணாடியில பாருங்க."

"பாத்தா நானே பயந்துடுவேன்."

அம்மிணிக்கு ஒரு யோசனை வந்தது. "அப்படியே முழுசா நல்ல தண்ணியில ஊறப்போட்டு எடுத்தா என்ன?"

ஒன்றைக் கிணற்று நீரில் ஊறவைத்தார்கள். அலசிப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்தார்கள். சைதலவி அதன் வயிற்றைக் கீறி நடுவேரை எடுத்து நாக்கில் வைத்தான். தலையை ஆட்டினான். அடைத்துத் தைத்த இறுக்கத்தில் நடுவுக்குத் தண்ணீர் ஓடவில்லை. இப்படியே காயப்போட்டால் ஒரு வாரத்துக்குக் காயாது. பூசணம் பிடிக்கும்.

அவன் குவியலுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பாதி பிளேடை எடுத்து முதல் பொதியின் கைத்தையலைப் பிரிக்க ஆரம்பித்தான். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ரம்லத்துக்கு அதுதான் தாங்கவில்லை. போகிறவன் கணக்குத் தீர்த்துவிட்டுப் போவதுபோல இதைச் செய்கிறானா, இருக்கப்போகிறவன் செய்வதுபோலச் செய்கிறானா என்று அந்த விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றாள். விரல்கள் எதையும் சொல்லவில்லை. அவளும் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எறும்புக்குச் சட்டை தைக்கிற மாதிரித் தைச்சிருக்கான் பாரு" என்று பீக்குட்டி ஒரு பொதியை மூக்கருகே வைத்துக்கொண்டு முனகினாள். "தையல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு இவனைப் படைச்சவனுக்கே தெரியாது. ஏண்டா, இதென்ன கஜானாவா? கள்ளன் வந்து பிரிச்சுடுவான்னா?"

"கள்ளன் வரல. நாமதான் பிரிக்கிறோம்" என்றான் சைதலவி.

அவன் கேலி பேசினான் என்பது புரிய மூன்று பெண்களுக்கும் ஒரு நொடி பிடித்தது. பிறகு அம்மிணி சிரித்த சிரிப்பில் கோழிகள் விலகி ஓடின.

கிணற்றின் அடியில் ஒரு முழம் தண்ணீர்தான் இருந்தது. அது குடிக்க. இருநூறு பொதி வேரை அலச ஒரு குளமே வேண்டும். குளம் அம்மிணியிடம் இருந்தது.

"என் குளத்துல இறங்கணும்னா மூணு நிபந்தனை" என்றாள் அம்மிணி. "ஒண்ணு, வேர்ச் சீவல் ஒண்ணுகூட தண்ணியில மிதக்கக் கூடாது, என் வரால் மீனு தின்னு செத்துப்போகும். ரெண்டு, துவைக்கிற கல்லுல யாரும் வெத்தல துப்பக் கூடாது. இது பீக்குட்டிக்கு."

"மூணாவது?"

"எனக்கு ரெண்டு கண்ணு தலகாணி. உப்பில்லாம."

வேர்ச் சீவல் மிதக்காமலிருக்க வழி பீக்குட்டி வீட்டில் இருந்தது. அவள் கட்டிலின் கொசுவலை. அதைக் கழற்றும்போது கட்டிலையே பிடித்துக்கொண்டு புலம்பினாள்: "இன்னிக்குக் கொசு என்னைத் தூக்கிட்டுப் போய்க் கடலுக்கு அந்தப்பக்கம் போடும். அஜ்மான்ல போட்டாலும் போடும். டிக்கெட்டாவது மிச்சம்."

டிக்கெட் என்றதும் ரம்லத் சைதலவியைப் பார்த்தாள். அவன் கொசுவலையை மடித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குளத்தில் இறங்கினார்கள். பன்னிரண்டு படி இறங்கினால்தான் தண்ணீர். மேலே பலாமரம் கவிந்திருந்ததால் அங்கே வெயில் காசு காசாகத்தான் விழுந்தது. சைதலவி வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கொசுவலையின் நடுவே வேரைக் கொட்டி நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீருக்குள் தாலாட்டுவதுபோல ஆட்டினான். ரம்லத் அடுத்த படியில் நின்று மறுமுனையைத் தாங்கினாள். அலசி எடுத்ததைப் பெரிய அலுமினிய உருளியில் நல்ல தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மறுபடி வலைக்குள் வாங்கி அலசுவார்கள். வேர் குளிர்ந்த தண்ணீரைக் குடித்ததும் வாசனை திரும்பி வந்தது. குளம் முழுவதும், படிக்கட்டுப் பாசியிலும், பலாமரத்தடியிலும் அந்த வாசனைதான். அம்மிணியின் வராலுக்கும் அது ஏறியிருக்கும்.

உருளித் தண்ணீரை ருசி பார்ப்பது பீக்குட்டியின் வேலை. படியில் கால் நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி நாக்கில் விட்டு, கண்ணை மூடி, பந்தியில் சாப்பிட்டு எழுந்த பெரிய மனுஷன் மாதிரித் தீர்ப்புச் சொன்னாள்.

"ஒண்ணாம் தண்ணி, கடல்."

கொட்டினார்கள். மறுபடி அலசினார்கள்.

"ரெண்டாம் தண்ணி, கால்வாய்."

மறுபடி.

"மூணாம் தண்ணி, கஞ்சிக்கு அளவான உப்பு. தொட்டுக்க ஒரு தேங்காச் சம்மந்தி இருந்தா நல்லா இருக்கும்."

"இத்தா, ருசி பாக்கச் சொன்னா நீங்க பெரிய பிரியாணிச் செம்புக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி நிக்கறீங்களே" என்றாள் ரம்லத்.

"பிரியாணியா இருந்தா இந்நேரம் செம்பு காலி. நாலாம் தண்ணி…" பீக்குட்டி அள்ளினாள், யோசித்தாள், மறுபடி அள்ளினாள். "ஒண்ணுமில்ல. வெறும் குளம். அம்மிணியோட வரால் நாத்தம் மட்டும் லேசா இருக்கு."

"என் வரால் உன்னை மாதிரி இல்ல. தினம் குளிக்கும்" என்றாள் அம்மிணி மேலிருந்து. அவள் ஒரு கூடையில் அவித்த பலாக்கொட்டையும் உப்பும் காந்தாரி மிளகாயும் கொண்டு வந்திருந்தாள். பலாக்கொட்டையை உரித்து, கை ஈரமாக இருந்தவர்களின் வாயில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

ஐந்தாவது நடை அலசும்போது சைதலவி பாசியில் கால் வைத்துவிட்டான். முதலில் கை மேலே போனது, பிறகு தலை கீழே போனது, பிறகு குளத்தில் வட்ட வட்டமாக அலை மட்டும்தான் இருந்தது. ரம்லத் "இக்கா!" என்று கத்தினாள். தண்ணீருக்குள்ளிருந்து முதலில் கொசுவலைதான் எழுந்தது, நாலு முனையும் சேர்த்துப் பிடித்த முஷ்டியோடு. அதன் பின்னால் அவன் தலை. உச்சியில் ஒரு கொத்துப் பாசி.

"வேர் போகல" என்றான் மூச்சு வாங்கி.

பிறகு அவனே சிரித்தான். வாயைத் திறந்து, தொண்டை தெரிய, கண்ணிலிருந்து தண்ணீர் வரச் சிரித்தான். ரம்லத் அந்தச் சிரிப்பை இதற்குமுன் கேட்டதில்லை. தொலைபேசியில் வந்த சிரிப்புகள் எல்லாம் சின்னவை, நிமிஷத்துக்குள் அடங்கியவை. இது படிக்கட்டில் மோதித் திரும்பி வந்தது. அவள் வலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. குனிந்து வலையை உதறினாள்.

காயவைப்பது பெரும்பாடு. வெயிலில் போட்டால் வாசனை பறந்துவிடும். நிழலில்தான் போட வேண்டும், காற்றும் வேண்டும். சாய்ப்பில் பாய்களை விரித்துப் பரப்பினார்கள். பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று வந்து நறுக்கு வேரைத் தூக்கி விளையாட ஆரம்பித்ததால், கொசுவலையையே மேலே போர்த்தி நாலு பக்கமும் தேங்காய் வைத்தார்கள். பீக்குட்டிக்கு வலை அன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கன்னத்தில் இரண்டு தடிப்போடு வந்தாள். "கொசு தூக்கிட்டுப் போகல. இங்கயே வெச்சுத் தின்னுடுச்சு" என்றாள்.

வெள்ளி மதியத்துக்கு வேர் கையில் எடுத்தால் முறிந்தது. சைதலவி ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்பி, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தான். பீக்குட்டி நிரப்பினாள். ரம்லத் பாதி தைத்தாள். இந்தத் தடவை அவன் தடுக்கவில்லை. அவள் தைத்த ஒன்றை எடுத்துப் பார்த்தான். அவளும் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கோணலா?"

"கோணல்தான்" என்றான். "இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நூற்று அறுபத்துமூன்றுதான் ஆகியிருந்தது. மீதித் துணிகள் வாய் திறந்தபடி சாய்ப்பில் கிடந்தன.

பஸ்ஸில் ரம்லத் பையை மடியில் வைத்திருந்தாள். சைதலவி பக்கத்தில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கொன்றை மரங்கள் விஷு முடிந்தும் பூவை விடாமல் வைத்திருந்தன. வைத்தியரிடம் என்ன சொல்வது என்று அவள் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். துணி கிடைக்கவில்லை என்று சொல்லலாம். மெஷின் கெட்டுப்போனது என்று சொல்லலாம். இரண்டும் அவனை வைத்துக்கொண்டு வாயில் வராது.

நளினி வைத்தியருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண் குழிந்திருந்தது. மருந்துக் குழம்பும் தைலமும் மணக்கும் அந்த அறையில் அவர் ஒரு கையால் எழுதிக்கொண்டே, ஒரு கையால் பையைத் திறக்கச் சொன்னார். வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

"இருநூறு இருக்கா?"

"இல்லீங்க. நூத்தி அறுபத்திமூணு."

"சனிக்கிழமைக்குள்ளன்னு சொன்னேனே."

ரம்லத் அடுக்கி வைத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. "இருநூறும் புதன்கிழமையே முடிச்சுட்டோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, வேரைக் கால்வாயில கழுவியிருக்கேன்னு. எல்லாம் உப்பு. எங்க நாத்தனார் கண்ணு எரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் பிரிச்சு, குளத்துல நாலு தண்ணி அலசி, காயவெச்சு மறுபடி தைச்சோம். அதுல இவ்வளவுதான் முடிஞ்சுது. தப்பு என்னுதுதான்."

வைத்தியரின் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு சைதலவியைப் பார்த்தார்.

"மேட மாசத்துல, கால்வாயில."

"ஆமாங்க."

"நானும் கடற்கரைக்காரிதான். எங்க அம்மா இருந்திருந்தா உன்னை அடிச்சிருப்பாங்க." ஒரு பொதியை எடுத்தார். தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மேஜைமேலிருந்த டம்ளர் தண்ணீரில் அதை முக்கிப் பிழிந்து, நாக்கு நுனியில் ஒரு தடவை தொட்டுக்கொண்டார். "அஞ்சு நிமிஷம் வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். உக்காருங்க."

நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பொதியைக் கண்மேல் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வைத்தியரின் கை மடியிலிருந்து மெல்ல நழுவி, நாற்காலிக்கு வெளியே தொங்கியது. வாய் லேசாகத் திறந்தது.

மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கண்ணை அகல விரித்தாள். "தூங்கறாங்களா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். ரம்லத் தலையாட்டினாள். "மூணு வருஷமா இங்க இருக்கேன். பகல்ல இவங்க கண்ணை மூடி நான் பாத்ததே இல்ல" என்று கிசுகிசுத்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

 மாமரத்தடி மௌனம் மாதிரித்தான் இதுவும், ஆனால் இதில் ரம்லத்தால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர் எழுந்திருப்பார். ஒரு வார்த்தை சொல்லுவார். அதற்குப் பிறகு பெட்டிக்குக் கயிறு கட்டலாம் அல்லது கட்ட வேண்டாம்.

"நான் போகல" என்றான் சைதலவி, தணிந்த குரலில்.

"எங்க?"

"அஜ்மானுக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் சிவப்பு இல்லை.

"வைத்தியரம்மா இன்னும் ஒண்ணும் சொல்லலையே இக்கா."

"அதனாலதான் இப்பவே சொல்றேன். எழுந்து வேணும்னு சொன்னாலும் சொல்லட்டும், வேணாம்னாலும் சொல்லட்டும். அப்புறம் சொன்னா அது அவங்க சொல்லி நான் இருந்ததா ஆயிடும்."

"வேணாம்னு சொன்னா?"

"வேற யாருக்காவது கண்ணு இருக்கும்."

ரம்லத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து வைத்தியர் ஒரு குறட்டை விட்டார். சின்னக் குறட்டை இல்லை. அடிவயிற்றில் ஆரம்பித்து, நடுவில் ஒரு தடங்கலில் நின்று, விசிலாக முடிந்தது. சைதலவியின் தோள் குலுங்கியது. அவள் முக்காட்டு முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். திணித்தும் அடங்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, மூக்கிலிருந்து சிரிப்பு வந்தது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அடக்கவா, சேர்ந்து சிரிக்கவா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, ஸ்டூல் கிறீச்சிடாமல் இருக்க காலை ஊன்றிக்கொண்டு, குலுங்கினார்கள்.

கதவு மறுபடி திறந்தது. பெஞ்சிலிருந்த எட்டுப் பேரில் பொறுமை இழந்த ஒரு பெரியவர் தலையை நீட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்…" என்று ஆரம்பித்தார்.

சைதலவி உதட்டில் விரலை வைத்து, "ஷ்" என்றான்.